இணையம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

மலைப்பள்ளிகளின் திறன்மிகு வகுப்பறைகள் இணையமின்றி முடங்கியிருப்பது பற்றிய செய்தி கண்டேன். ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைப் பள்ளிகள் கைபேசிக் கோபுரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ராஸ்பெர்ரி பை 4 போன்ற சிறு கணினி, 128 ஜிபி மெமரி கார்டு, இணையமின்றிப் பாடங்களைக் காட்டும் கட்டணமற்ற கோலிப்ரி மென்பொருள் இருந்தால், வகுப்பறைக்குள்ளேயே வைஃபை பரப்பிப் பாடக் காணொளிகளைக் காட்டலாம். 480பி எனும் நடுத்தரக் காணொளித் தரத்தில் நூறு மணி நேரப் பாடம் அந்தக் கார்டில் தாராளமாக அடங்கும். ஒரு வகுப்பின் முப்பது பேரும் தனித்தனியே ஒரே நேரத்தில் பார்த்தால் அச்சிறு கணினி திணறும். எனவே நால்வருக்கு ஒரு கைக்கணினி போதும் (பேசிப் படிக்கவும் அதுவே நல்லது).

அனுபவத்தில் இக்கருவிகளை அதிகம் கெடுப்பது மின்வெட்டு. கார்டில் தரவு பதிவாகும் நேரத்தில் மின்சாரம் நின்றால் அதிலுள்ள கோப்புகள் சிதைந்துவிடக்கூடும். எனவே மின்சாரம் நின்றாலும் 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் சிறு யுபிஎஸ்ஸும் நகல் கார்டு ஒன்றும் சேர்த்தே வழங்க வேண்டும். புதிய பாடங்களை அந்தியூர், சத்தியமங்கலம் வட்டார வள மையங்களில் (கல்வித் துறையின் வட்டார அலுவலகங்கள்) பதிவிறக்கி, அங்கு கூட்டத்துக்கு வரும் ஆசிரியர்களிடம் பென்டிரைவில் கொடுத்தனுப்பலாம்.

– வாசகர், கோபிசெட்டிபாளையம்