மகளின் அவதானிப்புக் கொப்பி

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

ஆசிரியர் பயிற்சிக்காக ஒரு பிள்ளையைப் பார்த்து நீ எழுதும் அவதானிப்புக் கொப்பியின் நான்கு பக்கங்களைப் படம்பிடித்து அனுப்பியிருந்தாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தேன். தொலைபேசியிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீ "சரியம்மா" என்று முடித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

வளர்ச்சி உளவியல், தாய்மொழி கற்பித்தல், கணிதம் கற்பித்தல், மதிப்பீடு என்று இத்தனை பாடங்கள் இருக்க, ஒரே பிள்ளையை ஆறு வாரம் பார்த்துப் பார்த்து எழுதச் சொல்வது நேரத்தை வீணாக்கும் வேலை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ படிக்கும் எல்லாவற்றிலும் எனக்குக் கிடைக்காமல் போனதும், கிடைக்காததால் சில பிள்ளைகளுக்கு நான் அநியாயம் செய்ததும் இந்த ஒன்றில்தான்.

நீ வகுப்பறைக்குப் போகுமுன் படிக்கிறாய். எங்கள் காலத்தில் பலருக்கு அது தலைகீழாக நடந்தது. நியமனக் கடிதத்தோடு வகுப்புக்குள் நுழைந்தபோது என்னிடம் உயர்தரப் பெறுபேறும் ஒரு பெட்டி வெண்கட்டியும்தான் இருந்தன. மட்டக்களப்பு ஆசிரியர் கலாசாலைக்குப் பயிற்சிக்குப் போனது ஐந்து ஆண்டுகள் கழித்து. அந்த ஐந்து ஆண்டுக்குள் நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

திருக்கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் முதலாம் வகுப்புக்கு வந்தான். தகப்பன் கடற்றொழிலாளி. ஐம்பது வரை எண்களைப் பாட்டுப் போலச் சொல்வான். ஆனால் ஆறு புளியங்கொட்டைகளை முன்னால் வைத்து எத்தனை என்று கேட்டால், ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, "மூண்டு" என்று தயங்காமல் சொல்வான். மூன்று அல்ல என்றால் மறுபடி எண்ணிவிட்டு அதே "மூண்டு". எட்டு வைத்தால் "நாலு". ஐந்து வைத்தால் மட்டும் இடையில் நின்று என் முகத்தைப் பார்ப்பான். நான் அவனுடைய அறிக்கையில் "எண்ணறிவு குறைவு" என்று எழுதி வைத்தேன். "மூண்டு" இல்லை, "மூன்று" என்று உச்சரிப்பைத் திருத்தியதும் உண்டு. அன்று எனக்கு அதுவே பெரிய பிழையாகத் தெரிந்தது.

மாரிகாலத்தில் ஒருநாள் மழை கொட்டியதால் வகுப்புக்கு ஏழெட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். பாடம் நடத்த மனமில்லாமல் பாயில் அவர்களோடு உட்கார்ந்தேன். அவன் யாரும் கேட்காமலே தனக்குத்தானே எண்ணிக்கொண்டிருந்தான். அன்றுதான் அவன் வாயை விட்டுவிட்டு விரலைப் பார்த்தேன். "ஒண்" என்று ஒரு கொட்டையையும், "டு" என்று அடுத்த கொட்டையையும் தொட்டான். "ரெண்" ஒன்று, "டு" ஒன்று. "மூண்" ஒன்று, "டு" ஒன்று. ஆறு கொட்டையும் முடிந்துவிட்டது; விடை மூண்டு. ஒன்றிலிருந்து பத்து வரை நாம் பேசும் எண்ணுப் பெயர்களில் அநேகமாக எல்லாமே இரண்டு அசை என்பதை நானே அன்றுதான் கவனித்தேன். சொல்லுக்கு ஒரு தொடுகை என்பதை அசைக்கு ஒரு தொடுகை என்று அவன் விளங்கிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். இரட்டை எண்ணிக்கையில் எப்போதும் சரிபாதி வருவதும், ஒற்றை வந்தால் தடுமாறுவதும் அதனாலேதான். இத்தனை வாரம் அந்தப் பாதி என் கண்முன்னே கிடந்திருக்கிறது.

பிள்ளைகள் எண்ணக் கற்பதைப் பற்றி கெல்மன், கலிஸ்டல் என்ற உளவியலாளர்கள் 1978 இல் வகுத்த ஐந்து எண்ணல் தத்துவங்களைப் பரீட்சைக்காக மனனம் செய்வதாக எழுதியிருந்தாய். அவற்றை இந்தப் பையனில் வைத்துப் பார். எண்களின் ஒழுங்கு அவனுக்குத் தெரிந்திருந்தது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த எண்ணிக்கை என்பதும் தெரிந்திருந்தது. இல்லையென்றால் அவ்வளவு உறுதியாக "மூண்டு" என்று நிறுத்தியிருக்க மாட்டான். ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்ற ஒன்றுதான் நழுவியிருந்தது. நான் செய்தது, ஒரு சிரட்டையைக் கொடுத்து, கொட்டையை உள்ளே போட்டு அது விழுந்த சத்தம் கேட்ட பிறகு எண்ணைச் சொல்லச் சொன்னது மட்டுமே. ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. அறிக்கையில் நான் எழுதியது மாத்திரம் அப்படியே இருந்தது.

இப்போது உன் கொப்பிக்கு வருகிறேன். இரண்டாம் பக்கத்தில், "இன்றும் கவனமில்லை, பிடிவாதம் பிடித்தாள்" என்று எழுதியிருக்கிறாய். மகள், அது தீர்ப்பு. நீ கண்டது என்ன? எத்தனை மணிக்கு, எந்தக் கட்டையை எடுத்தாள், யார் கேட்டபோது கொடுக்க மறுத்தாள், மறுத்தபோது என்ன சொன்னாள், அவள் சொன்ன சொல் எது? அதை அவள் சொன்னபடியே, கொச்சையென்றால் கொச்சையாகவே எழுது. உன் அபிப்பிராயத்துக்குப் பக்கத்தின் வலப்புறத்தில் தனியாக ஒரு கோடு போட்டு இடம் விடு. நான்காம் பக்கத்தில், அவள் செருப்பை இடம் மாற்றிப் போட்டுவிட்டுத் தானாகவே கழற்றியதை மூன்று வரியில் எழுதியிருக்கிறாயே, அது நன்றாயிருந்தது. அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

நாம் கேட்கும் கேள்வியும் அவதானிப்புக்குள் அடங்கும் என்பதையும் மறந்துவிடாதே. உளவியலாளர் பியாஜே பொருட்களை இரண்டு வரிசைகளாகச் சமமாக அடுக்கிக் காட்டி, ஒன்றை அகலமாக்கிவிட்டு, இப்போதும் இரண்டும் சமமா என்று மறுபடி கேட்ட சோதனை உன் பாடத்தில் இருக்கும். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெரும்பாலும் நீண்ட வரிசையில்தான் கூடுதலாக இருக்கிறது என்று சொல்வார்கள். பிறகு 1970களில் ஸ்கொத்லாந்தின் எடின்பரோவில் மெக்காரிகல், மார்கரெட் டொனால்ட்சன் என்ற ஆய்வாளர்கள் அதே சோதனையை, ஒரு குறும்புக்கார கரடிப் பொம்மை வந்து வரிசையைக் குழப்புவது போல மாற்றிச் செய்தபோது, அதைவிட மிகக் கூடுதலான பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே கைவைத்துவிட்டுக் கேட்டதையே திரும்பக் கேட்டால், முதல் விடையை மாற்றவேண்டும் போலிருக்கிறது என்று பிள்ளை நினைப்பது நியாயந்தானே. "மூன்று அல்ல" என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் அந்தப் பையனும் என்ன நினைத்திருப்பானோ.

எங்கள் ஊரில் எந்த முன்பள்ளியையும் மொண்டிசோரி என்றுதான் சொல்வார்கள், அங்கே நாலு வயதுப் பிள்ளை "அ" தொடங்கி "ஃ" வரை பத்துத் தரம் எழுதிக்கொண்டிருந்தாலும். பெற்றோருக்குப் பிள்ளையின் மூன்று வயதிலேயே ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் கண்ணில் தெரிகிறது. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன். ஆனால் 1907 இல் ரோமில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதலாவது பள்ளியைத் திறந்த மொண்டிசோரி அம்மையார் ஒரு வைத்தியர் என்பதை நினைத்துக்கொள். நோயாளியைப் பார்ப்பதுபோலப் பிள்ளையைப் பார்க்கத் தெரிந்தவர். 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

1999 இல் புதிய கல்விச் சீர்திருத்தம் நாடு முழுவதும் தரம் 1 க்கு வந்தபோது, விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்றையும் கலந்து நடத்தச் சொன்னார்கள்; முதல் இரண்டு வகுப்புகளில் விளையாட்டே கூடுதலாக இருக்கவேண்டும். எங்களில் பலர் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு அந்த நேரத்தில் இடாப்பை எழுதி முடித்தோம். நானும் சில நாள் செய்திருக்கிறேன். பார்க்கவேண்டிய நேரம் அதுதான் என்று எனக்குத் தெரிந்திருந்தும்.

இந்த வாரம் பஸ்ஸில் ஒரு பார்சல் வரும். கருவாடும் மிளகாய்த்தூளும் மேலே இருக்கின்றன. அடியில் பால்மா டின்னில் புளியங்கொட்டை, கழுவிக் காயவைத்தது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதே, மூக்குக்குள் போட்டுவிடுவார்கள். உன் பிள்ளைக்கு ஐந்து வயது என்றாய். முதல் நாள் எதுவும் கேட்காமல் பாயில் கொட்டிவிட்டுப் பக்கத்தில் இரு. அவள் விரல் எங்கே போகிறது என்று எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா