ஆமை வாங்கும் முன்

ஓசூர்,
மார்கழி 10

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. தருமபுரியில் புது வீட்டுக்குக் குடிபோனதில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே எட்டு மணி வரை பனி விலகுவதில்லை. பாப்பா ஆமை கேட்டு அடம்பிடிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். மற்ற சங்கதியெல்லாம் அடுத்த கடிதத்தில்.

நட்சத்திர ஆமையையோ ஏரியில் பிடித்த ஆமையையோ யாராவது "வீட்டுக்கு ராசி" என்று கொண்டுவந்தால் வாசலோடு அனுப்பிவிடு. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வைத்திருப்பதே குற்றம். மீன் கடைகளில் விற்பது கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள அமெரிக்க ஆமை, ரெட் இயர்டு ஸ்லைடர். ஒரு ரூபாய் காசு அளவில் பார்த்து மயங்காதே. பெண் ஆமை 25 செ.மீ. தாண்டும், 20 வருடத்துக்கு மேலும் இருக்கும்.

கடைக்கு நண்பகலில் போ. இந்தக் குளிரில் காலையில் எந்த ஆமையும் சுருண்டுதான் கிடக்கும், நோயா குளிரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. முதலில் தொட்டியைப் பார். தண்ணீர் நாறினாலோ, ஒன்றுக்காவது கண் வீங்கியிருந்தாலோ, அந்தத் தொட்டியில் எதையும் வாங்காதே. எல்லாம் ஒரே தண்ணீரில்தானே கிடக்கின்றன.

நல்ல ஆமை நீந்தும்போது மட்டமாக மிதக்கும். ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தாலும், மூக்கில் குமிழி வந்தாலும், வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் நுரையீரலில் சளி என்று சந்தேகப்படு. கையில் எடு, காலை உதைத்துத் திமிற வேண்டும். பின்னங்காலை மெல்ல இழுத்தால் வெடுக்கென்று உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டை விரலால் லேசாக அழுத்து. குஞ்சுக்குச் சற்று வளையும், வளர்ந்ததற்கு வளையக் கூடாது. வளைந்தால் சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அடிப்பக்கம் திருப்பிப் பார்: குழி, சிவப்பு, கெட்ட நாற்றம் இருந்தால் ஓடு அழுகுகிறது. கடைசியாக, கடைக்காரரை உன் கண்ணெதிரே தீனி போடச் சொல். பாவம் பார்த்து மெலிந்ததை வாங்குவதுதான் பலரும் செய்வது, அது மருத்துவரிடம் போய் நிற்கும். 10 செ.மீ. அளவில் ஒன்று கிடைத்தால் குஞ்சை விட அதுவே மேல்.

தொட்டியை முன்பே தயார் செய். ஓட்டின் ஒரு அங்குலத்துக்கு 40 லிட்டர் தண்ணீர் கணக்கு. சூடு 25 டிகிரி. உங்கள் ஊரிலும் தை முடியும் வரை ஹீட்டர் வேண்டும். ஏறி உட்கார உலர்ந்த மேடை, அதன் மேல் 32 டிகிரி தரும் விளக்கு, கூடவே வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரைத் தரும் யுவிபி விளக்கு. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் போதாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். யுவிபி விளக்கு எரிந்தாலும் கதிர் குறைந்துகொண்டே போகும். வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்று. காய்ந்த இறாலையே தின்னக் கொடுத்தால் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, வாங்கித் தண்ணீரில் போட்டு வை, கடித்துக்கொள்ளும்.

தொட்ட பிறகு பாப்பா சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்; வயிற்றுப்போக்கைத் தரும் சால்மோனெல்லா கிருமி நல்ல ஆமையிடமும் இருக்கும். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

சலித்துப்போனால் ஒகேனக்கல்லில் விட்டுவிடலாம் என்று உன் மச்சான் சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம். அந்தப் பக்கம் 2022இல் அறிவித்த காவிரி தெற்கு வன உயிரின சரணாலயத்தில் நம் ஊர் மெல்லோட்டு ஆமைகள் இருக்கின்றன. இந்த அமெரிக்க ஆமை அவற்றின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும், நோயையும் கொண்டுபோகும். வைத்திருக்க முடியாதென்றால் இப்போதே வாங்காமல் விடு.

தொட்டி வைத்ததும் படம் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

உன்,
சீனிவாசன்