மங்கைக்கு: அன்னா மன்யானியும் நம் குட்டியும்

மதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள மங்கை,

முழங்கால் எப்படி இருக்கிறது? பிசியோதெரபிக்கு வருகிற பெண் சொன்னதைச் செய்கிறாயா, இல்லை வழக்கம்போல அவளுக்கே நாலு வைத்தியம் சொல்லி அனுப்பிவிட்டாயா? இங்கே எல்லாரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதாம். ராத்திரியில் ஃப்ரிட்ஜ் திறக்கிற சத்தம் கேட்பதால் எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. மேட்ரன் மகனுக்கு மறுபடியும் பெண் பார்க்கிறார்களாம். சிரிக்காதே.

போனிலேயே எல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ என்னைப் பேசவிட்டதாகச் சரித்திரமே இல்லை.

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். 'ரோம், திறந்த நகரம்' பார்த்துவிட்டு அழுதாயாம். சரி, அதற்கு அழாதவர்கள் யார்? அதோடு விட்டிருக்கலாம். 'அந்த அன்னா மன்யானி எங்கடி நடிச்சா, வாழ்ந்துட்டா' என்று ஒன்று சொன்னாய் பார், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. இந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்த ஆள் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும். ஒரு நடிகை உருப்படியாக ஒரு காட்சி செய்துவிட்டால் போதும், நம் பத்திரிகைக்காரர்கள் உடனே 'வாழ்ந்திருக்கிறார்' என்று எழுதிவிடுவார்கள். கேட்கப் பாராட்டு மாதிரித்தான் இருக்கும். அவள் பட்ட பாடு மட்டும் கணக்கில் வராது. உன் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு 'மங்கை எங்கே சமைத்தாள், பசித்தாள்' என்று யாராவது சொன்னால் விடுவாயா?

நீ படம் பார்த்தாய், நான் கொஞ்ச நாளாக அவள் வாழ்க்கையையே தோண்டிக்கொண்டிருக்கிறேன். 1908இல் ரோமில் பிறந்தாள். அப்பா கூட இல்லை. அம்மா பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு எகிப்துக்கு, அலெக்ஸாண்ட்ரியாவுக்குப் போய்விட்டாள். இது ஒன்று போதாதா? அநாதை மாதிரி வளர்ந்தாள், அந்தக் குமுறல்தான் திரையில் கொட்டுகிறது என்று ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். அவள் ரோமில் நாடகப் பள்ளியில் முறையாகப் படித்தவள் என்பதை மட்டும் ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். அதற்கு அப்புறம் வருஷக்கணக்காக மேடை. இரவு விடுதிகளில் பாட்டு, பிறகு பாட்டும் நையாண்டியும் கலந்த ரெவ்யூக்கள், போர்க்காலத்தில் டோட்டோவோடு ஜோடி. இத்தாலியையே சிரிக்கவைத்த டோட்டோ. அந்த மாதிரிக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு நொடி பிந்தினால் சிரிப்பு செத்துவிடும். அவளுடைய கல்லூரி அதுதான்.

சினிமாவுக்கு 1934லேயே வந்துவிட்டாள். முசோலினி காலம். பணக்கார வீடு, பளபளப்பான படுக்கையறை, அதில் ஒரு வெள்ளை டெலிபோன். அந்த ரகப் படங்களுக்கே 'வெள்ளை டெலிபோன் படங்கள்' என்றுதான் பெயர். அந்த டெலிபோனை எடுக்க மெல்லிய விரல் வேண்டுமே! இவளுக்குக் கலைந்த தலை, கண்ணுக்குக் கீழே கருவளையம், கட்டையான உடம்பு. சின்னச் சின்ன வேஷங்களாகவே கொடுத்தார்கள். 1942இல் விஸ்கோந்தி தன் முதல் படத்துக்குக் கூப்பிட்டார். அப்போது பார்த்து இவள் வயிற்றில் பிள்ளை. வாய்ப்பு வேறொருத்திக்குப் போனது.

நீ பார்த்த 'ரோம், திறந்த நகரம்' படத்தின் பீனா வேஷம் வரும்போது அவளுக்கு வயது 36. ரோஸலினி 1945 ஜனவரியில் படப்பிடிப்பைத் தொடங்கினார். ஜெர்மானியர்கள் ரோமை விட்டுப் போய் ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஃபிலிம் சுருளுக்கே பஞ்சம். பீனாவுக்குப் பின்னால் ஒரு நிஜப் பெண் இருந்தாள் என்பது உனக்குத் தெரியுமா? தெரேசா குல்லாச்சே. ஜெர்மானியர்கள் பிடித்து அடைத்துவைத்திருந்த கணவனைப் பார்க்கப் போன கர்ப்பிணி. 1944 மார்ச் 3ஆம் தேதி நடுத்தெருவில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ரோமில் எல்லாருக்கும் அது ஆறாத ரணமாக இருந்த நேரத்தில், அந்தச் சாவை அதே ஊர்த் தெருவில் ஒருத்தி நடித்துக் காட்ட வேண்டும். 'வாழ்ந்துவிட்டுப்' போகிற சமாசாரமா இது?

லாரிக்குப் பின்னால் அவள் ஓடுகிற இடத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். நீ மறுபடி பார்க்கும்போது அதற்குச் சற்று முன்னால் பார். படுக்கையில் இருக்கிற தாத்தாவைச் சாகக் கிடப்பவர் மாதிரிக் காட்ட, பாதிரியார் வாணலியால் ஒரு போடு போடுகிறார். நாம் சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள் பீனா கல்யாணம் செய்துகொள்ள இருந்த ஃபிரான்செஸ்கோவை இழுத்துக்கொண்டு போகிறார்கள். கையை நீட்டியபடி அவன் பேரைக் கத்திக்கொண்டே ஓடுகிறாள். சுடுகிற சத்தம். குப்புற விழுந்துவிட்டாள். பின்னணியில் ஒரு விசும்பலைக்கூட நீட்டவில்லை. சிரிப்பிலிருந்து சாவுக்கு அவ்வளவு வேகமாக நம்மைத் தூக்கிக்கொண்டு போக ரெவ்யூ மேடையில் தேய்ந்த காலால்தான் முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் சந்தேகம் இருந்தால் 'மனிதக் குரல்' பார். பிரெஞ்சுக்காரர் ழான் கோக்தோ எழுதிய ஓரங்க நாடகத்தை 1948இல் ரோஸலினி எடுத்தது. ஒரு அறை, ஒரு பெண், ஒரு டெலிபோன். அவளை விட்டுப் போனவன் மறுமுனையில் பேசுகிறான். அவன் குரல் நமக்குக் கேட்காது. அரை மணி நேரத்துக்கு மேல் இவள் முகம் மட்டும்தான். அவன் என்ன சொல்கிறான், எங்கே பொய் சொல்கிறான், எந்த இடத்தில் இவள் பொய்யென்று தெரிந்தும் நம்புகிறாள், எல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. மறுமுனையில் ஆளே கிடையாது, மங்கை.

அந்தப் படத்துக்கு அடுத்த வருஷமே நிஜத்திலும் ரோஸலினி இவளை விட்டுவிட்டு நடிகை இங்கிரிட் பெர்க்மனிடம் போனார். இனிமேல் சொல்லப்போவது உனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று தெரியும், அதனால் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அவர் தலையில் ஸ்பகெட்டியைக் கொட்டினாள் என்பார்கள். அவர் ஸ்ட்ராம்போலித் தீவில் பெர்க்மனை வைத்துப் படம் எடுக்க, இவள் பக்கத்திலேயே வுல்கானோ தீவில் இன்னொரு எரிமலைப் படம் நடித்தாள். 1950 பிப்ரவரியில் இவள் படம் ரோமில் திரையிடப்பட்ட அன்று பெர்க்மனுக்குப் பிள்ளை பிறந்த செய்தி வர, நிருபர்கள் பாதியில் எழுந்து ஓடினார்கள். அந்த மனுஷன் அப்புறம் இந்தியாவுக்கு வந்து இங்கேயும் ஒரு குடும்பத்தைக் கலைத்துவிட்டுப் போனது உனக்கே தெரியும், உங்கள் வீட்டு மாடியில் கிடந்த பழைய வாரப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். இந்த ஸ்பகெட்டிக் கதை தெரிந்தவர்களில் 'மனிதக் குரல்' பார்த்தவர்கள் எத்தனை பேர் என்றுதான் நான் கேட்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1973இல் கணையப் புற்றுநோயோடு அவள் கிடந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் அவர்தான். முதலில் அவர் குடும்பக் கல்லறையில்தான் அவளை வைத்தார்கள். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ வக்கீல் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், நீ சொல்லு.

ஆஸ்கார் விஷயம் சுருக்கமாக. டென்னஸி வில்லியம்ஸ் இவளை மனதில் வைத்தே ஒரு நாடகம் எழுதினார், 'ரோஜாப் பச்சைகுத்தல்'. தினமும் ஆங்கிலத்தில் மேடையேறும் அளவுக்குத் தன் ஆங்கிலம் போதாது என்று இவள் பிராட்வேயை மறுத்துவிட்டாள். 1955இல் படமாக எடுத்தபோது நடித்தாள், 1956இல் சிறந்த நடிகைக்கான விருது வந்தது. ஒரு இத்தாலிய நடிகைக்கு அது முதல் தடவை. விழாவுக்குப் போகவில்லை, ரோமில் வீட்டில் இருந்தாள். பிற்பாடு டி சிகா 'இரண்டு பெண்கள்' எடுக்கும்போது சோஃபியா லோரனுக்கு அம்மாவாக நடிக்கக் கூப்பிட்டதற்கு, முடியாது என்றாள். அந்த அம்மா வேஷத்தை சோஃபியாவே போட்டு ஆஸ்காரும் வாங்கினாள். நான் இவள் இடத்தில் இருந்திருந்தால் ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

மகன் லூக்கா பற்றி இப்போதுதான் படித்தேன். 1942இல் பிறந்தவன். ஒன்றரை வயதில் போலியோ வந்து கால்கள் போய்விட்டன. அப்பா ஒரு நடிகர், பிரிந்து போய்விட்டார். பிள்ளைக்குத் தன் பெயரையே வைத்தாள், மன்யானி என்று. அவன் படித்து ஆர்க்கிடெக்ட் ஆனான். தேதிகளைச் சேர்த்துப் பார்த்தால், பீனாவாக லாரிக்குப் பின்னால் ஓடும்போது வீட்டில் நடக்க முடியாத குழந்தை இருக்கிறது. இதைப் படித்ததும் எனக்கே 'வாழ்ந்தாள்' பக்கம் சாய ஆசை வந்தது. ஆனால் அந்த மாதிரி வலியோடு எத்தனையோ அம்மாக்கள் ரோமில் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தியால் கேமரா முன்னால் பீனாவாக ஆக முடிந்திருக்குமா? பசோலினியைக் கேட்டுப் பார். தெருவில் இருப்பவர்களைப் பிடித்து நடிக்கவைக்கிறவர். 1962இல் 'மம்மா ரோமா'வுக்கு இவளைப் போட்டுவிட்டு, தேர்ந்த நடிகையை வைத்துக்கொண்டு திண்டாடினார். அவருக்குத் துண்டு துண்டாக எடுக்க வேண்டும், இவளுக்கு ஒரே மூச்சில் நடித்து முடிக்க வேண்டும். அந்தச் சண்டைக்கு நடுவிலும் ஒரு காட்சி இருக்கிறது: ராத்திரி ரோட்டில் தன் கதையைச் சொல்லிக்கொண்டே நடக்கிறாள், இருட்டிலிருந்து ஒவ்வொரு ஆணாக வந்து கொஞ்ச தூரம் கூட நடந்துவிட்டு இருட்டிலேயே மறைகிறான். இவள் பேச்சு அறுபடவே இல்லை.

சரி, உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

ஷாலு தன் பெண்ணை, நம் குட்டியை, ஒரு டிவி நிகழ்ச்சிக்குத் தயார் செய்கிறாள். குழந்தைகள் பாடி, ஆடி, வசனம் பேசுகிற அந்த ரகம். முதல் சுற்று முடிந்துவிட்டது. போன வாரம் சென்னை போனபோது அந்த வீடியோவைக் காட்டினாள். குட்டிக்கு 'ர' இன்னும் வாயில் நுழையவில்லை, தெரியுமே. நடுவர் ஒருவர் அவளை அந்த வரியையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறார். சுற்றி எல்லாரும் சிரிக்கிறார்கள். குட்டியும் சிரிக்கிறாள், ஆனால் கண் அம்மாவைத் தேடுகிறது. ஷாலு அதைக் காட்டிவிட்டு, 'பார்த்தியாம்மா, எல்லாருக்கும் அவளப் பிடிச்சிருச்சு' என்கிறாள்.

இதனால்தான் எனக்கு 'பெல்லிஸிமா' ஓயாமல் ஞாபகம் வருகிறது. 1951, விஸ்கோந்தி. மத்தலேனா ஊசி போட்டுப் பிழைக்கிறவள். சினிமாவுக்கு அழகான சிறுமி வேண்டும் என்ற அறிவிப்பைக் கேட்டுத் தன் மகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். நடிப்புப் பாடம், பாலே, தையல்காரி, போட்டோ. சேர்த்துவைத்த காசில் 50,000 லீராவை ஒரு தரகன் வாங்கி லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் வாங்கிக்கொள்கிறான். கடைசியில் சினெச்சித்தா ஸ்டுடியோவில், படம் ஓட்டுகிற அறையில் ஒளிந்துகொண்டு மகளின் சோதனைக் காட்சியைப் பார்க்கிறாள். திரையில் குழந்தை விம்மி விம்மி அழுகிறது. கீழே உட்கார்ந்திருக்கும் பெரிய மனுஷர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். அப்போது மன்யானி முகத்தைப் பார். முதலில் அவர்களோடு சேர்ந்து லேசாகச் சிரிக்கப் பார்க்கிறாள். வாய் ஆரம்பிக்கிறது, கண் மறுக்கிறது. பிறகு வாயும் நின்றுவிடுகிறது. அப்புறம் ஒப்பந்தத்தோடு வீட்டுக்கே வருகிறார்கள். கையெழுத்துப் போட மறுத்துவிடுகிறாள். குடும்பத்தில் பணமே இல்லாதபோது!

ஷாலுவிடம் இந்தப் படத்தைக் கொடுத்தேன். 'பழைய கறுப்பு வெள்ளை, அப்புறம் பார்க்கிறேன்' என்றாள். நான் வாயைத் திறந்தால் 'நீ என்னைப் பாட்டுப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போகலையா' என்று பழைய கணக்கை எடுப்பாள். அவள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். மாப்பிள்ளை வழக்கம்போல நடுநிலை.

அவள் கேட்பது உன் பேச்சை மட்டும்தான். இரண்டாவது சுற்று வியாழக்கிழமை. அதற்கு முன்னால் கூப்பிடு. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, மூட்டு வலி பற்றிப் பேச ஆரம்பித்து அங்கே கொண்டுபோ, உனக்கா சொல்லித்தர வேண்டும்? வேண்டாம் என்று சொல்லாதே, பிடிவாதம் பிடிப்பாள். அந்த வீடியோவை உனக்கும் அனுப்பச் சொல். இரண்டு பேருமாகச் சேர்ந்து பார்க்கும்போது, குட்டியின் கண் எங்கே போகிறது என்று மட்டும் கேள்.

பேசிவிட்டு எனக்கு எழுது. போன் வேண்டாம், இவர் பக்கத்தில் இருப்பார்.

உன்
ராஜி