பில்சனுக்கும் ஹம்போல்ட் பார்க்குக்கும் எங்கள் நன்றி

சிகாகோவின் பில்சன், ஹம்போல்ட் பார்க் பகுதி மக்களுக்கும், எங்களோடு துணைநின்ற எல்லோருக்கும் வணக்கம்.

புறநகரில் நாங்கள் நடத்தும் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியின் பெரிய வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோர் சிலரும் சேர்ந்து, இந்த ஊரில் வாழும் லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்த மக்களின் கலை அமைப்புகளை நேரில் போய்ப் பார்த்து வந்தோம். ஏரிக்கரை, மில்லேனியம் பார்க், மளிகைக்கு டெவான் தெரு என்றே சுற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குப் பில்சனின் 18-ஆம் தெருவையும் ஹம்போல்ட் பார்க்கின் டிவிஷன் தெருவையும் திறந்து காட்டியவர்கள் நீங்கள். யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எழுத உட்கார்ந்தோம். நேரில் பார்த்தவர்களோடு அது நிற்கவில்லை. இந்தக் கதவுகளை நாற்பது ஐம்பது வருடங்களுக்கு முன்னால் போராடித் திறந்தவர்களும் அதில் வந்து சேர்ந்துகொண்டார்கள். அதனால் மடல் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி, பில்சனின் ஹாரிசன் பூங்காவில் இருக்கும் தேசிய மெக்சிகன் கலை அருங்காட்சியகத்தின் வழிகாட்டிகளுக்கும் வாசலில் நிற்கும் காவலர்களுக்கும். கார்லோஸ் டோர்டொலேரோ, ஹெலன் வால்டெஸ் முதலிய பள்ளி ஆசிரியர்கள் 1982-ல் 900 டாலரை வைத்துக்கொண்டு தொடங்கிய அமைப்பு இது. 1987-ல், பூங்காத் துறையின் படகுப் பட்டறையாக இருந்த கட்டடத்தில் அருங்காட்சியகமாகத் திறந்தது. அன்றிலிருந்து இன்றுவரை நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு குடும்பம் அருங்காட்சியகம் போய்வர இந்த ஊரில் எவ்வளவு செலவாகும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆசிரியர்கள் தொடங்கிய இடம் என்பது நடத்தும் விதத்திலேயே தெரிகிறது. பிள்ளைகள் கேள்வி கேட்டால் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.

இறந்தோர் நாள் கண்காட்சி அங்கே ஆண்டுதோறும் நடக்கிறது. இறந்துபோனவர்களுக்காக அலங்கரிக்கும் ஒஃப்ரெண்டா என்னும் படையல் மேடைகள் வரிசையாக இருந்தன. புகைப்படம், மெழுகுவர்த்தி, தண்ணீர், உப்பு, ரொட்டி, அவரவருக்குப் பிடித்த பண்டம், சுற்றிலும் சாமந்தி. அந்தச் சாமந்திக்குத் தாயகமே மெக்சிகோதான். நம் ஊரில் துலுக்கச் சாமந்தி என்று மாலை கட்டுகிறோமே, அதே பூ. அமாவாசைக்குப் படையல் போடும் வீட்டிலிருந்து வந்த ஒரு பையன், "நிஜமாவே வந்து சாப்பிடுவாங்களா?" என்று கேட்டான். வழிகாட்டி அம்மா சிரிக்கவில்லை. "எங்கள் தாத்தாவுக்கு வைக்கும் மோலே குழம்பில் காரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் இன்னும் சண்டை நடக்கிறது. வராதவருக்காக யாராவது சண்டை போடுவார்களா?" என்றார். அம்மா, அந்தப் பதிலுக்குத் தனியாக ஒரு நன்றி. அவன் அதைத் தன் பாட்டியிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறான்.

அப்புறம், எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் பாட்டியாகிவிட்ட பியூப்லா அம்மா. பாப்பெல் பிக்காடோ என்கிற காகிதத் தோரணம் செய்ய எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். மெக்சிகோவில் அவருடைய பியூப்லா மாநிலத்தில் சான் சல்வடோர் ஹுயிஷ்கொலோட்லா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே இது பரம்பரைத் தொழில். டிஷ்யூ பேப்பரை மடித்துக் கத்தரிக்கோலால் வெட்டுவதைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். "இது விளையாட்டு. இப்போது வேலையைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, பைக்குள்ளிருந்து ஒரு சுத்தியலும் துணியில் சுற்றிய உளிகளும் எடுத்தார். நேர் உளி, பிறைபோல வளைந்த உளி, துளை போடும் உளி. தாள்களைக் கனமாக அடுக்கி, மேலே படம் வரைந்த தாளை வைத்து ஒரு தட்டு. நடுவில் இருக்கும் நுணுக்கமான துளைகள்தான் முதலில். பெரிய இடங்களை முதலிலேயே வெட்டி எடுத்துவிட்டால் அடுக்கு நகர்ந்துவிடுமாம். உளியைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் மேல்தாளில் பறவை பறவையாக இருக்கும், அடித்தாளில் அதற்கு அலகு இருக்காது. பூவுக்கும் பூவுக்கும் நடுவே மெல்லிய பட்டையாகத் தாளை விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் கழன்று விழுந்துவிடும். ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் தட்டிய தட்டுகளின் சத்தம் ஒன்றுபோல, ஒரே அளவாக இருந்தது. முட்டி வலியோடு படியேறி வந்து இவ்வளவும் சொல்லிக்கொடுத்துவிட்டு, பணம் வாங்க மாட்டேன் என்றார். பாட்டி, உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ரூடி லொசானோ கிளை நூலகத்தில் எங்களுக்கு நூல்களும் பழைய செய்தித் துணுக்குகளும் எடுத்துக்கொடுத்த நூலகர்களை மறக்க முடியாது. நூலகம் யார் பெயரில் இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டதும் அவர்கள் உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னார்கள். லொசானோ தொழிற்சங்க அமைப்பாளர். 1983-ல் ஹெரால்ட் வாஷிங்டன் நகரத்தின் முதல் கறுப்பின மேயராக வெல்வதற்கு லத்தீனோ மக்களைத் திரட்டியவர்களில் ஒருவர். அதே ஆண்டு ஜூனில் தன் வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். 1989-ல் திறந்த நூலகத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். அவருக்கும் எங்கள் நன்றி.

சுவரோவியங்களைச் சுற்றிக்காட்டிய ஓவியருக்குத் தன் பெயரை எழுதுவதில் விருப்பமில்லை, சரி. ஆனால் அவர் நடந்த நடைக்கு எங்கள் பிள்ளைகளே ஈடுகொடுக்கத் திணறினார்கள். 1968-ல் மாரியோ காஸ்டில்லோ ஹால்ஸ்டெட் தெருவில் 'மெட்டாஃபிசிகா' தீட்டியதிலிருந்து ஆரம்பித்தார். 16-ஆம் தெருவின் ரயில்பாதைச் சுவர் நெடுகக் கூட்டிப்போனார். ஒரோஸ்கோ பள்ளியில், ஓவிய ஆசிரியர் ஃபிரான்சிஸ்கோ மென்டோசாவும் அவர் மாணவர்களும் ஓட்டுத் துண்டுகளால் பதித்த முகங்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஹெக்டர் துவார்த்தே தன் வீட்டைச் சுற்றியே ஓர் ஓவியம் தீட்டியிருக்கிறார். அதில் கதையில் வரும் கலிவர் ஒரு குடியேறி, முள்கம்பியால் கட்டிப்போடப்பட்டவன். அதன் முன்னால் பிள்ளைகளோடு பெற்றோரும் பேசாமல் நின்றார்கள். விசா வரிசையில் வருடக்கணக்காகக் காத்திருப்பவர்கள் எங்களில் உண்டு. எல்லை தாண்டி வந்தவர்கள் படுவது இதைவிட எத்தனையோ மடங்கு கடினம் என்பதை நான் அறிவேன். ஆனாலும் அந்தக் கம்பி எங்களுக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

ரசீன் அவென்யூவில் காசா அஸ்ட்லான் என்னும் சமூக மையம் இருந்த கட்டடத்தின் முன் எங்கள் ஓவியர் அதிக நேரம் நின்றார். 1960-களில் இலினாய் பல்கலைக்கழக வளாகம் கட்டுவதற்காக வீடுகள் இடிக்கப்பட்டபோது, மெக்சிகன் குடும்பங்கள் பல பில்சனுக்கு வந்து சேர்ந்தன. அப்படி வந்தவர்களுக்கு மருத்துவம், வகுப்புகள், கூட்டம் கூட ஓர் இடம் என்று எல்லாமாக இருந்தது காசா அஸ்ட்லான். அதன் சுவர்களில் ரே பட்லான் ஓவியம் தீட்டியிருந்தார். 2013-ல் மையம் மூடப்பட்டது. கட்டடம் கைமாறி, 2017-ல் ஒரே வண்ணத்தைப் பூசி ஓவியத்தை மறைத்துவிட்டார்கள். மக்கள் தெருவில் இறங்கினார்கள். அதே ஆண்டு பட்லானே திரும்பி வந்து அந்தச் சுவரில் புதிதாகத் தீட்டினார். ஓவியம் திரும்பி வந்தது, மையம் திரும்பி வரவில்லை என்று எங்கள் ஓவியர் சொன்னார். அவர் குரலில் இருந்த கோபம் நியாயமானது. சுவரின் அழகுக்காக வருகிறவர்கள் கூடக் கூட வாடகையும் கூடுகிறது, தீட்டியவர்களின் பிள்ளைகள் அங்கே குடியிருக்க முடியாமல் போகிறது. படம் எடுத்துக்கொண்டு திரும்புகிற எங்களைப் போன்றவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும். வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி, ஐயா.

பில்சனின் பெனிதோ ஹுவாரெஸ் உயர்நிலைப் பள்ளிக்காகப் போராடிய தாய்மார்களுக்கும் தலைவணங்குகிறோம். பிள்ளைகள் படிக்க வெளியே போக வேண்டிய நிலையில், எங்கள் பகுதியிலேயே பள்ளி வேண்டும் என்று அவர்கள் விடாமல் நின்றதால் 1977-ல் அது திறந்தது. மெக்சிகோ நகரின் மானுடவியல் அருங்காட்சியகத்தை வடிவமைத்த பெட்ரோ ராமிரெஸ் வாஸ்கெஸ் இந்தப் பள்ளிக்கும் வடிவம் கொடுத்தார். வாடகை வகுப்பறையில் தமிழ்ப் பள்ளி நடத்தும் எங்களுக்கு அந்தத் தாய்மார்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஹம்போல்ட் பார்க் போர்ட்டோ ரிக்கோ மக்களின் இடம். டிவிஷன் தெருவில் 1995-ல் நிறுத்திய, 59 அடி உயரமுள்ள இரண்டு எஃகுப் போர்ட்டோ ரிக்கோ கொடிகளின் கீழே நுழைந்து, பழைய குதிரை லாயத்தில் இயங்கும் அவர்களின் அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். மனத்தில் தங்கியது பொம்பா என்னும் போர்ட்டோ ரிக்கோ மேள ஆட்டம். பரதம் கற்கும் எங்கள் பெண்களுக்கு, தாளத்துக்கு ஆடித்தான் பழக்கம். பொம்பாவில் ஒரு மேளம் தாளத்தைத் தாங்கி நிற்க, இன்னொரு மேளம் ஆடுபவரைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறது. தோளை வெட்டினாலும் பாவாடையை வீசினாலும் மேளம் அந்தக் கணமே பதில் சொல்லியாக வேண்டும். முன்னால் போக எங்கள் பெண்களில் ஒருத்தி தயங்கினாள். மேளக்காரர் கையைத் தோலின் மேல் வைத்தபடி, அவள் அசையும்வரை காத்திருந்தார். அவள் பாதத்தை ஒருமுறை தட்டினாள், அவரும் ஒருமுறை தட்டினார். அதற்குப் பிறகு அவளை நிறுத்துவதுதான் கஷ்டமாகிவிட்டது. இந்தப் பொறுமைக்கு என்ன கைம்மாறு செய்வோம்?

எங்கள் பக்கத்தில், வண்டி ஓட்டிய அப்பாக்களுக்கும், தன் சொந்தக்காரர்கள் எல்லோரையும் எங்களுக்கு அறிமுகப்படுத்திவைத்த அலுவலகத் தோழிக்கும் நன்றி. "அந்தப் பக்கமா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களும் ஒருமுறை வர வேண்டும் என்பதுதான் என் விருப்பம். திங்கட்கிழமை தவிர்த்துப் போங்கள், அன்று மெக்சிகன் கலை அருங்காட்சியகம் விடுமுறை. கட்டணம் இல்லை என்பதற்காக வாசலில் இருக்கும் நன்கொடைப் பெட்டியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போக வேண்டாம், 18-ஆம் தெருக் கடைகளில் சாப்பிடுங்கள்.

எங்கள் குடும்பங்கள் அருங்காட்சியகத்தில் உறுப்பினராகச் சேர்ந்திருக்கின்றன. வரும் தையில் எங்கள் பொங்கல் விழாவுக்கு நீங்கள் எல்லோரும் வர வேண்டும். பிள்ளைகள் வெட்டிய தோரணம்தான் மேடைக்கு. 18-ஆம் தெரு ரயில் நிலையத்திலிருந்து வண்டி ஏற்பாடு செய்கிறோம். பியூப்லா பாட்டிக்கு ஒரு வேண்டுகோள். அன்றைக்காவது நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், நாங்கள் பரிமாறுகிறோம்.

அன்புடன்,
தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள், பெற்றோர் சார்பில் ஓர் அம்மா