எல்.கே.ஜி. குழந்தைக்குப் புத்தகப்பை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வரும் ஜூனில் எல்.கே.ஜி. சேரவிருக்கும் என் பேத்திக்கு வேண்டியவற்றை திருச்சி தெப்பக்குளம் கடைவீதியில் வாங்கலாம் என்று கிளம்பிய எங்களிடம், சீருடைத் துணி முதல் நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட் வரை அனைத்தையும் வளாகத்திலேயே வாங்க வேண்டும் என்று பள்ளி நிர்வாகம் சொல்லிவிட்டது. எந்தக் கடையிலும் கிடைக்கும் வெள்ளை சாக்ஸ்கூட, விளிம்பில் பள்ளியின் பெயரை நெய்த ஒரே காரணத்தால், அங்கே இருமடங்கு விலை. ரசீது கேட்டதற்கு, மொத்தத் தொகையை மட்டும் கிறுக்கிய துண்டுச்சீட்டு கிடைத்தது. ஷூ ஓர் அளவு பெரிதாக இருக்கிறதே என்றால், வளரும் கால்தானே என்றார்கள். அது மட்டும் நியாயமான பேச்சு, நாங்களும் அப்படித்தான் வாங்கியிருப்போம்.

மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் புத்தகப்பைக் கொள்கை, மழலையர் வகுப்புகளுக்குப் பையே வேண்டாம் என்கிறது. எங்களுக்குத் தந்த பட்டியலிலோ பைதான் முதல் பொருள். அரசுப் பள்ளிகளில் பாடநூல், சீருடை, புத்தகப்பை, காலணி ஆகியவற்றை விலையில்லாமல் வழங்கும் தமிழக அரசு, தனியார் பள்ளிகள் பொருள்வாரி விலைப்பட்டியலைச் சேர்க்கைக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டவும், வெளிக்கடைகளில் வாங்குவதைத் தடுக்காதிருக்கவும் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உறையூர், திருச்சி.