மாரிக்குப்பம் போய் வந்தேன், அம்மா

ஸ்ரீராம்புரம்,
பெங்களூர்.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் காசு போய்விடும் என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தக் கடிதம். தம்பியை மெதுவாக வாசிக்கச் சொல்.

இலங்கையிலிருந்து இங்கே வந்து எட்டு மாதமாகிறது. எங்கள் தெருவில் முக்கால்வாசி தமிழ்தான், கன்னடமும் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது. குழாயில் வருவது காவிரித் தண்ணி. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மோட்டார் போட்டு மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். அதெல்லாம் பழகிவிட்டது.

போன ஞாயிறு என் வீட்டுக்காரர் என்னைக் கோலார் தங்கவயலுக்குக் கூட்டிப் போனார். அவர் பிறந்த ஊர். ரயில் மாரிக்குப்பத்தில் போய் நிற்கிறது, அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. அவர் பிறந்த வீட்டைக் காட்டியதும் எனக்குக் கால் நகரவில்லை, அம்மா. நம் தேயிலைத் தோட்டத்து லயம் அப்படியே அங்கே நிற்கிறது. ஒரே கூரை, ஒட்டி ஒட்டிச் சுவர், வீட்டுக்கு ஒரு வாசல். அங்கே அதை லைன் என்கிறார்கள்.

1880களில் வெள்ளைக்காரக் கம்பெனி தங்கம் எடுக்க ஆரம்பித்தபோது வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து நம் சனங்களைத்தான் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். நம் பாட்டன்மாரை ஆள் பிடிக்கும் கங்காணி தேயிலை மலைக்கு ஏற்றினான், இவர்களைக் குழிக்குள் இறக்கினார்கள். குழி 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். இலங்கையிலேயே உயரமான நம் பீதுருதாலகால மலையைத் தலைகீழாகக் கவிழ்த்து இறக்கினாலும் அடி தட்டாது. அடியில் பாறை அனலாகக் கொதிக்குமாம். 1902இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள், அதுவும் முதலில் சுரங்கத்துக்குத்தான் போனது. பெங்களூர் நகரத்துக்கே மூன்று வருடம் கழித்துத்தான் விளக்கு எரிந்தது.

120 வருடத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்துவிட்டு, 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடிவிட்டார்கள். இப்போது அந்த ஊர்ச் சனம் விடியுமுன்னே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இரவில் திரும்புகிறது. ஊரில் மிச்சம் இருப்பது சயனைடு மேடு. பாறையை மாவாக இடித்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்துவிட்டு, மிச்ச மண்ணை மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். காற்றுக் காலத்தில் அந்தத் தூள் சோற்றுப் பானைக்குள் வரை வரும் என்கிறார் மாமி. மாமியின் மாமனார் சுரங்கத்துக்குள் பாறையில் துளை போட்டவர். நெஞ்சு முழுக்கக் கல்தூசி. கடைசி இரண்டு வருடம் படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாராம். அவர் வெட்டிய தங்கத்தில் மாமியின் தாலிக்கு ஒரு குண்டுமணி வந்திருக்குமா என்று அன்றிரவெல்லாம் யோசித்துக் கொண்டிருந்தேன்.

நீ பறிக்கும் கொழுந்தில் நல்ல தூள் கப்பலேறிவிடுகிறது, நாம் குடித்தது மிச்சமாகும் டஸ்ட் தூள். 1964இல் இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கொழுந்தை நிறுப்பது போல நம்மை நிறுத்துப் பிரித்தார்களே, அதுவும் ஞாபகம் வந்தது. சின்னத் தாத்தா அழுதுகொண்டே கப்பலேறியதை நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய்!

இவர் வேலை செய்வது எஸ்.பி. ரோட்டில் போன் ரிப்பேர் கடையில். ஒரு நாள் உப்பிப் போன பேட்டரி ஒன்றைக் காட்டி, இதற்குள் கோபால்ட் என்று ஒன்று இருக்கிறது என்றார். உலகத்துக் கோபால்டில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில் காங்கோவிலிருந்துதான் வருகிறது. அங்கே கையாலேயே குழி தோண்டி எடுக்கிறவர்கள் ஏராளம், பிள்ளைகளும் தோண்டுகிறார்களாம். உன் குரல் கேட்கும் இந்தப் போனுக்குள்ளும் அது இருக்கும். அந்தப் பிள்ளைக்கும் ஒரு அம்மா இருப்பாள் என்பது மனதை விட்டுப் போகவில்லை.

அடுத்த வீட்டு அக்கா கார்மெண்ட்ஸில் தைக்கிறாள். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். தண்ணி குடித்தால் பாத்ரூம் போக வேண்டுமே என்று குடிக்காமலே இருக்கிறாள். சட்டையில் தொங்கும் விலைச்சீட்டு வெளிநாட்டுக் காசில் இருக்கும். 2016 ஏப்ரலில், சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பி.எஃப். பணத்தில் முதலாளி போட்ட பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்ற புது விதியை எதிர்த்து இந்தப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் இறங்கிவிட்டார்கள். இரண்டே நாளில் அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்றது. அக்காவும் ஓசூர் ரோட்டில் நின்றிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீ பார்க்க வேண்டும்.

அவள் தினமும் எத்தனை பீஸ் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். ஒருமுறை சூப்பர்வைசர் கணக்கைக் குறைத்தபோது நோட்டை எடுத்து நீட்டினாளாம், அவன் வாய் திறக்கவில்லை.

அம்மா, நீயும் தம்பியிடம் ஒரு கொப்பி வாங்கித் தரச் சொல். தினமும் எத்தனை கிலோ பறித்தாய், கூடைக்கு, ஈரத்துக்கு என்று தராசில் எவ்வளவு கழித்தார்கள், எந்தெந்த நாள் அரைநாள் சம்பளம் என்று அரைப்பேர் போட்டார்கள், எல்லாம் தேதி போட்டு எழுதட்டும். பக்கத்துக் காம்பரா அத்தையையும் சேர்த்துக்கொள். மாதக் கடைசியில் அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்பச் சொல், நான் கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்பு மகள்