ஒரு ரிப்போர்ட்டின் எண் போதாது, அது போகும் வேகமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ரத்தப் புற்றுநோய் கட்டுரையின் மரபணுப் பகுதி நன்றாகவே இருந்தது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் முடிவதற்குச் சற்று முன்னால், அழற்சி (காயம், தொற்று போன்றவற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை) என்பது நோயோடு கூடவே வரும் ஒரு தொந்தரவு என்றும், நோயின் போக்கைச் சமன்பாடாக எழுதிப் பார்க்கும் கணித மாதிரிகள் ஆராய்ச்சியாளர்களுக்குள் நடக்கும் பயிற்சி, நோயாளிக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை என்றும் பொருள்படும்படி இரண்டு வரி எழுதிவிட்டுக் கட்டுரையாளர் நகர்ந்துவிட்டார். அந்த இரண்டு வரியையும் நான் ஏற்கவில்லை. நான் கல்லூரியில் கணிதம் நடத்துகிறவள், என் அக்காவுக்குப் பல வருஷமாக பாலிசைதீமியா வெரா என்ற, சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் ரத்தப் புற்றுநோய் இருக்கிறது, அதனால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் தெரியும்.

ரத்தம் உருவாவதைச் சமன்பாடாக எழுதுவது புது மோஸ்தர் இல்லை. 1977இலேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் மேக்கியும் லியோன் கிளாஸும் அதைச் செய்தார்கள். எலும்பு மஜ்ஜையில் ஒரு ரத்தச் செல் உருவாகத் தொடங்குவதற்கும் அது முதிர்ந்து ரத்தத்தில் வந்து சேர்வதற்கும் நடுவே நாள்கணக்கில் ஒரு தாமதம் இருக்கிறதல்லவா, அதைச் சமன்பாட்டுக்குள் வைத்தார்கள். தாமதம் கூடியதும் வெள்ளையணு எண்ணிக்கை அலை அலையாக ஏறி இறங்கி, இன்னும் கூடினால் ஒழுங்கே இல்லாமல் ஆடியது. சில லுகேமியா நோயாளிகளிடம் எண்ணிக்கை இப்படி ஏறி இறங்குவதை டாக்டர்கள் ஏற்கெனவே கண்டிருந்தார்கள்.

சரி, நோயாளிக்கு என்ன பயன்? வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நாள்பட்ட மைலாய்ட் லுகேமியாவையே எடுத்துக்கொள்வோம். அதற்கு இமாட்டினிப் மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாத்திரை சாப்பிட ஆரம்பித்தவர்களின் ரத்தத்தில் நோய்ச் செல்களின் அடையாளமான பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற மரபணுவின் அளவை அடிக்கடி அளந்து வரைந்து பார்த்தால் அது ஒரே வேகத்தில் இறங்குவதில்லை, முதலில் வேகமாக, அப்புறம் மெதுவாக என்று இரண்டு சரிவுகள் தெரிகின்றன. 2005இல் ஆராய்ச்சியாளர் ஃபிரான்சிஸ்கா மிகோரும் அவருடன் சேர்ந்தவர்களும் இதைக் கணக்கிட்டார்கள்: முதல் சரிவு நாளுக்குச் சுமார் 5 சதவீதம், அதாவது இரண்டு வாரத்தில் பாதியாகும், இரண்டாவது நாளுக்குச் சுமார் 0.8 சதவீதம், பாதியாக ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். முதிர்ந்த செல்கள் சீக்கிரம் அழிகின்றன, அவற்றுக்கு முந்தைய நிலையில் உள்ளவை மெதுவாக அழிகின்றன, ஆனால் வேரில் இருக்கும் குருத்தணுக்களை (மற்ற ரத்தச் செல்களையெல்லாம் உண்டாக்கும் ஸ்டெம் செல்களை) மருந்து தொடுவதே இல்லை என்பது அவர்கள் சொன்ன விளக்கம். அடுத்த வருஷமே இங்கோ ரோய்டர் என்ற ஆராய்ச்சியாளரின் குழு, அதே மாதிரியான வரைபடத்தை வைத்துக்கொண்டு, இல்லை, குருத்தணுக்கள் தூங்குகின்றன, விழித்து இரண்டாகப் பிரிந்து பெருகும்போது மருந்தில் மாட்டுகின்றன, அதனால்தான் இரண்டாம் சரிவு மெதுவாக இருக்கிறது என்றது.

இது வெறும் வாய்ச்சண்டை இல்லை என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும். முதல் விளக்கம் முழுக்க உண்மையென்றால் மாத்திரையை என்றைக்கு நிறுத்தினாலும் நோய் திரும்பும், ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியதுதான். இரண்டாவது உண்மையென்றால் போதுமான காலம் சாப்பிட்டவர்களில் சிலருக்காவது நிறுத்த முடியும். 2010இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், குறைந்தது இரண்டு வருஷமாகப் பரிசோதனையில் நோயே தென்படாமல் இருந்த 100 பேரிடம் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு வருஷம் கழித்தும் 40 சதவீதத்துக்குச் சற்று மேல் திரும்பவில்லை, திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே திரும்பிவிட்டது. ஆக எல்லோருக்கும் திரும்பும் என்ற மாதிரியும் போதவில்லை, காலத்தை மட்டும் பார்த்த மாதிரியும் போதவில்லை. நோயெதிர்ப்புச் செல்கள் மிச்சமிருக்கும் நோய்ச் செல்களை அடக்கி வைக்கின்றனவா என்ற கேள்வியைச் சமன்பாட்டில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஜெர்மனியின் டிரெஸ்டன் குழுவினர், நோய் நன்றாக அடங்கி இரண்டாம் சரிவுக்கு வந்துவிட்டவர்களுக்கு டோஸைக் குறைத்தாலும் நீண்டகாலப் பலன் குறையாது, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் வேகத்தைத் தீர்மானிப்பது மருந்தின் அளவு இல்லை, குருத்தணு எப்போது விழிக்கிறது என்பதுதான் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பிரிட்டனில் நடந்த டெஸ்டினி ஆய்வில் நிறுத்துவதற்கு முன் ஒரு வருஷம் பாதி டோஸ் கொடுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவர்களுக்கு நோய் கட்டுக்குள்ளேயே இருந்தது, பக்கவிளைவுகளும் குறைந்தன. மாத்திரையின் களைப்பையும் தசைப்பிடிப்பையும் தினமும் சுமக்கிற ஒருவரிடம் போய், இதனால் உங்களுக்கு ஆவது ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது?

இப்போது அழற்சிக்கு வருகிறேன், என் மனசுக்கு நெருக்கமான பகுதி இதுதான். என் அக்காவின் நோய் சேர்ந்த குடும்பத்தில் பாலிசைதீமியா வெரா, தட்டணுக்கள் மிகும் எசென்ஷியல் த்ராம்போசைதீமியா, மஜ்ஜை நார்போல் இறுகும் மைலோஃபைப்ரோசிஸ் என்று மூன்று முக்கியமானவை. பாலிசைதீமியா உள்ள கிட்டத்தட்ட எல்லோரிடமும், மற்ற இரண்டில் பாதிப்பேரிடமும் ஜாக்2 மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பது 2005இல் கண்டுபிடிக்கப்பட்டது. பலரும் அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள், உங்கள் கட்டுரையும் அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் 2019இல் வெளியான டென்மார்க் ஆய்வில், சாதாரண மக்களில் ஏறக்குறைய 20,000 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது சுமார் 3 சதவீதம் பேரிடம் அந்த ஜாக்2 மாற்றம் இருந்தது, அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் என்று எதுவும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. அப்படியானால் மாற்றம் மட்டும் போதாது, வேறு ஏதோ ஒன்று அதைத் தள்ளுகிறது அல்லது தள்ளாமல் விடுகிறது.

அந்த வேறு ஏதோ ஒன்றில் முக்கியமானது அழற்சியாக இருக்கலாம் என்று டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் ஹாசல்பால்க் நீண்ட காலமாகச் சொல்லிவந்தார். அவரோடு ரோஸ்கில்டே பல்கலைக்கழகக் கணிதக்காரர்கள் மோர்ட்டன் ஆண்டர்சன், ஜானி ஒட்டெசன் ஆகியோர் சேர்ந்து 2017இல் அந்தக் கருத்தைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். மொத்தம் ஆறே அளவுகள்: நல்ல குருத்தணு, நல்ல முதிர்ந்த செல், நோய்க் குருத்தணு, நோய் முதிர்ந்த செல், இறந்த செல், அழற்சியின் அளவு. இறந்த செல்களை அப்புறப்படுத்தும் வேலை அழற்சியைக் கிளப்புகிறது, அழற்சி குருத்தணுக்களை மேலும் பிரியத் தூண்டுகிறது, மரபணு மாற்றம் நேரும் வாய்ப்பையும் கூட்டுகிறது, நோய்ச் செல் பெருகினால் இறப்பதும் பெருகும், மறுபடி அழற்சி. கட்டுரையாளர் சொன்னதில் பாதி சரி, நோய் அழற்சியை உண்டாக்கத்தான் செய்கிறது. விட்டுப்போன பாதி, அழற்சி திரும்பி வந்து நோயை வளர்ப்பது. வட்டமாகப் போகும் காரியத்தில் எது காரணம் எது விளைவு என்று வாயால் பேசித் தீர்க்க முடியாது. இரண்டு பக்கத்து வேகத்தையும் எழுதிப் போட்டு, வெளியிலிருந்து வரும் அழற்சியை, உதாரணமாகப் புகைப்பழக்கத்தால் வருவதை, ஏற்றியும் இறக்கியும் பார்த்தால்தான் வட்டம் எங்கே அடங்கும், எங்கே கைமீறும் என்று தெரியும். அதற்குத்தான் கணிதம்.

காலத்தையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆரோக்கியமான ஒருவரிடம் ரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்கள் 50,000 முதல் 200,000 வரை இருக்கலாம் என்று 2018இல் ஒரு கணிப்பு வந்தது. ஒரே ஒரு செல்லில் மாற்றம் நேர்ந்து, அது 17 தடவை இரட்டித்தால் 131,072 ஆகிவிடும், அதாவது மஜ்ஜையையே பிடித்துவிடும் அளவு. ஒரு தடவை இரட்டிக்க இரண்டு வருஷம் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் 34 வருஷம். அழற்சி குறைந்து அந்த இரண்டு வருஷம் மூன்றாக நீண்டாலோ, அழற்சி கூடி ஒன்றரையாகச் சுருங்கினாலோ, 51 வருஷமா 26 வருஷமா என்று ஆளின் ஆயுளே மாறிப்போகிறது. நான் வகுப்பில் சாக்பீஸால் போடுகிற கணக்குதான் இது, நிஜ வளர்ச்சி இத்தனை சீராக இருக்காது. ஆனால் 2022இல் வெளிவந்த மரபணு ஆய்வு, இந்த நோயாளிகள் சிலரிடம் ஜாக்2 மாற்றம் தாயின் வயிற்றிலோ சிறு வயதிலோ நேர்ந்து, பல பத்தாண்டுகள் கழித்தே நோயாகத் தெரியவந்தது என்று காட்டியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் அழற்சியைக் குறைக்கும் மாத்திரையை வாங்கி விழுங்கத் தொடங்கிவிடக் கூடாது. அழற்சி உடம்பின் காவல், அதைக் குறைப்பதற்கு விலை உண்டு. 2017இல் வந்த கான்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்து பிழைத்த 10,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். அழற்சியைத் தூண்டும் ஒரே ஒரு புரதத்தைத் தடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் குறைவாக வந்தது, ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. எனவே எவ்வளவு, எப்போது, எத்தனை காலம் என்பதுதான் கேள்வி.

என் அக்காவின் ஃபைலைப் பார்க்கும்போது எனக்கு வரும் ஆதங்கம் இதுதான். ஒவ்வொரு தடவையும் தட்டணு, சிவப்பணு எண்ணிக்கை வரிசையாக இருக்கிறது, ஜாக்2 விகிதமோ (மாற்றம் உள்ள செல்களின் பங்கைக் காட்டும் அளவு) நோயைக் கண்டுபிடித்த அன்று எடுத்ததோடு சரி, வெகுகாலம் திரும்ப எடுக்கவேயில்லை. எண்ணிக்கை சரியாக இருப்பதும் நோய்ச் செல்லின் பங்கு குறைவதும் ஒன்றில்லை. இன்டர்ஃபெரான் என்ற மருந்தை எடுக்கும் பலருக்கு அந்தப் பங்கு வருஷக்கணக்கில் மெல்ல இறங்குகிறது, வேறு சில மருந்துகளில் எண்ணிக்கை அடங்கினாலும் பங்கு அப்படியே நிற்கலாம். ஒரே ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு எந்தக் கணிதக்காரராலும் கோடு போட முடியாது. அந்த விகிதத்தையும், சிஆர்பி (அழற்சி கூடும்போது ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) போன்ற அழற்சி அளவையும், முடிந்தால் ஒரே ஆய்வகத்தில், சீரான இடைவெளியில் எடுத்து வைத்தால் டாக்டருக்கும் நோயாளிக்கும் சரிவு கண்ணில் தெரியும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எடுப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் கேட்க வேண்டியது நோயாளியின் வீட்டார்.

இந்தக் கட்டுரைக்கு அடுத்த பாகம் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் தயவுசெய்து இமாட்டினிப் சரிவு வரைபடம் ஒன்றையாவது வருஷங்கள் குறித்த அச்சோடு போடுங்கள், அழற்சிப் பகுதியை இந்த நோய்களைப் பார்க்கிற ஒரு ரத்தநோய் மருத்துவரையும் ஒரு கணிதக்காரரையும் சேர்த்து உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். தனித்தனியாக எழுதினால் மறுபடியும் அந்த இரண்டு வரிதான் வரும்.

அன்புடன்,
கணித ஆசிரியை ஒருவர்